மணலில் நுணலும் முகிலில் தவளையும்

ஐப்பசி மாதத்து முதல் மழை விழுந்த இரவில் மண்கும்பானில் உறங்குவது எளிதன்று. பகலெல்லாம் வெறும் மணலாகக் கிடந்த நிலம் இரவானதும் வாய் திறக்கின்றது. கோடை முழுவதும் எங்கிருந்தன என்று எவருக்குந் தெரியாத தவளைகள், பனங்காணிகளுக்கிடையே நீர் தேங்கிய பள்ளங்களிற் கூடி விடியும்வரை ஓயாது ஒலிக்கின்றன. சிறுவனாக இருந்தபோது அரிக்கன் விளக்கை எடுத்துக்கொண்டு அவ்வொலியைத் தேடிப் போயிருக்கிறேன். அருகிற் செல்லச் செல்ல ஒலி அடங்கிவிடும். விளக்கைத் தாழ்த்தி அசையாது நின்றால் மறுபடியும் தொடங்கும். அவ்வாறு நின்று நின்றுதான் ஒரு தவளையையேனும் காணமுடிந்தது.

மணலுட் புதைந்து வாழும் தவளைக்கு நுணல் என்று பெயர். மண்வெட்டியுடன் தேடினும் அகப்படாத அது, தன் குரலினாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று நம் முன்னோர் பழமொழி ஒன்றிற் கூறிவைத்தனர். நாவடக்கத்தைப் போதிப்பதற்காக எழுந்த பழமொழி அது. ஆயினும் அதனுள்ளே விலங்கியல் உண்மை ஒன்றும் அடங்கியுள்ளது. தவளையைக் கண்ணால் தேடுவதிலும் காதால் தேடுவதே எளிது. இலங்கையின் மலையுச்சிக் காடுகளில், அறிவுலகம் அதுவரை அறியாதிருந்த தவளையினங்களைப் பல்லாண்டுகளாகத் தேடிக் கண்ட ஆராய்ச்சியாளரும் இவ்வழியையே பெரிதும் கைக்கொண்டனர். அவர்கள் கண்டவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். மணல் நிலத்து மனிதனுக்கு மலைத்தவளையோடு என்ன உறவு என்று நேயர்கள் கேட்கலாம். உறவு உண்டு, அதனைச் சற்றுப் பின்னர் சொல்வேன்.

முதலில் அந்தக் காட்டினுள்ளே செல்வோம். நுவரெலியாவுக்குத் தெற்கேயுள்ள ஹோட்டன் சமவெளி கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீற்றருக்கும் உயர்ந்தது. அங்கும், சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த வனத்திலும், நக்கிள்ஸ் மலைத்தொடரின் உச்சிகளிலும் காணப்படும் காட்டை முகிற்காடு என்று சொல்லலாம். மரங்கள் ஓங்கி வளர்வதில்லை. காற்றுக்கு வளைந்து, குடைபோன்ற தலையுடன், அடியிலிருந்து நுனிவரை பாசி போர்த்து நிற்கின்றன. முகில் மரங்களினூடே தவழ்ந்து செல்கையில் அதன் ஈரம் இலையிலும் பாசியிலும் படிந்து துளித்துளியாகச் சொட்டும். மழை பெய்யாத நாளிலும் மரத்தடி நனைந்திருக்கும். ஒரு குடம் நல்ல தண்ணீருக்காகத் தூரத்துக் கிணற்றுக்கு நடந்து பழகிய தீவுப்பகுதி மக்களுக்கு, ஆகாயத்திலிருந்து மரமே நீரிறைக்கும் அந்தக் காட்சி வியப்பைத் தராமற் போகாது.

இந்த இடைவிடாத ஈரமே அங்குள்ள தவளைகளின் வாழ்க்கையை மாற்றியமைத்திருக்கின்றது. தவளையென்றால் நீரில் முட்டையிடும், முட்டையிலிருந்து வாற்பேத்தை வரும், வால் தேய்ந்து கால் முளைத்துப் பின்னர் தவளையாகும் என்றே நாம் பள்ளியிற் படித்தோம். இம்மலைகளில் வாழும் புதர்த்தவளைகள் என்னுங் கூட்டத்துக்கு அந்தப் பாடம் பொருந்துவதில்லை. இவற்றிற் பெரும்பாலானவை குளத்தையோ அருவியையோ நாடுவதில்லை. பெண்தவளை ஈர மண்ணிற் சிறு குழி பறித்து, முட்டைகளை இட்டு, மண்ணோடு கலந்து மூடிவிடும். ஒருசில இனங்கள் இலையின் அடிப்புறத்தில் முட்டைகளை ஒட்டிவைக்கும். வாற்பேத்தைப் பருவம் முழுவதும் முட்டைக்குள்ளேயே கழிந்துவிட, சில கிழமைகளின் பின்னர் நகக்கண்ணிலும் சிறிய முழுத்தவளை வெளியே குதிக்கின்றது. குளம் வேண்டா, ஆனால் ஈரம் வேண்டும். மண் ஒருமுறை காய்ந்தாலும் அம்முட்டைகள் பிழைக்கமாட்டா.

குளத்தைத் துறந்ததனால் இத்தவளைகள் காட்டின் எந்த மூலையிலும் குடியேறலாயின. நிலத்துச் சருகில் ஒன்று, இடுப்பளவு செடியில் ஒன்று, மரத்தின் உச்சியில் ஒன்று என ஒரே காட்டிற் பல இனங்கள் தத்தமக்கென இடம் வகுத்துக்கொண்டன. பெரும்பாலானவை மனிதனின் பெருவிரலளவுகூட இல்லாதவை.

இத்துணைச் சிறிய உயிர்களை எண்ணிக் கணக்கிடும் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. இலங்கையிற் பிறந்து படை மருத்துவராகப் பணியாற்றிய எட்வேட் பிரெடரிக் கெலாட் என்பவர் 1850ஆம் ஆண்டுகளில் நுவரெலியாப் பகுதித் தவளைகளுக்குப் பெயரிட்டு எழுதினார். பின்னர் இங்கிருந்து சாராயத்தில் இட்டுப் பாதுகாத்து அனுப்பப்பட்ட மாதிரிகளை இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் இருந்தபடியே அல்பேட் குந்தர் ஆராய்ந்து மேலும் பல இனங்களைப் பிரித்தறிந்தார். அதற்குப் பின்வந்தோருக்கோ அவ்வளவு இனங்கள் இருக்குமென்று நம்பிக்கை ஏற்படவில்லை. ஒரே இனத்துத் தவளைகளுள்ளேயே ஒன்று பழுப்பாகவும் ஒன்று பச்சையாகவும், ஒன்று முதுகிற் கோட்டுடனும் ஒன்று கோடின்றியும் காணப்படுவதுண்டு. ஆகவே முன்னையோர் பிரித்தவற்றுட் பலவற்றை இவர்கள் ஒன்றாகச் சேர்த்துவிட்டனர். 1990ஆம் ஆண்டளவில் இலங்கையின் புதர்த்தவளை, மரத்தவளை இனங்கள் இருபதுக்கு உட்பட்டவை என்பதே நூல்களிற் கண்ட கணக்கு.

இந்தக் கணக்கிலே ஐயங்கொண்டவர்களுள் முதன்மையானவர் ரொகான் பெத்தியாகொட. அவரும் கெலும் மனமேந்திர ஆரச்சியும் பிறரும் 1990களில் நாட்டின் ஈரவலயம் முழுவதும், ஏறத்தாழ முந்நூறு இடங்களில், தவளை தேடினர். தேடல் இரவிலேதான். மழைக்கோட்டும் மின்சூளும் அட்டைக்கடியும் அவ்வேலையின் பங்குகள். ஆண்தவளை குரல்கொடுக்கும், குரல் வந்த திசையிலே செடிசெடியாகப் பார்த்துச் செல்லவேண்டும். கேட்ட குரலை ஒலிப்பதிவு செய்து, பிடித்த தவளையின் நீளம், கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் இடைத்தூரம், செவிப்பறையின் அளவு, தோலின் சொரசொரப்பு, கால்விரல்களுக்கிடையே சவ்வு எதுவரை பரந்துள்ளது என்பவற்றையெல்லாம் பதிந்துகொள்வர். வெளியூரார் கண்ணுக்கு ஒரே மீனாகத் தோன்றும் ஓராவையும் ஒட்டியையும் நமது கரையோரப் பெண்கள் தொட்டுப் பார்க்காமலே வேறு பிரிப்பதில்லையா? அந்த அறிவையே அளவுகோலுடனும் குறிப்பேட்டுடனும் செய்வதுதான் விலங்கியலாளரின் வகைப்படுத்தல் என்று கொள்ளலாம்.

ஆனால் அளவுகோல் மட்டும் இங்கே போதவில்லை. நிறத்திலே மாறுபடும் இரு தவளைகள் ஓரினமா ஈரினமா என்ற வழக்கைத் தீர்க்க வேறொரு சாட்சி தேவைப்பட்டது. அச்சாட்சி உயிரணுவினுள்ளே இருக்கும் மரபுப்பொருள். மாதவ மீகஸ்கும்புர முதலானோர் தவளைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு அவற்றின் வமிசவழியை வரைந்தனர். 2002ஆம் ஆண்டிலே 'சயன்ஸ்' என்னும் அமெரிக்க விஞ்ஞான இதழில் முடிவு வெளியாயிற்று. இருபதுக்கு உட்பட்டவை என்று கருதப்பட்ட இடத்தில் நூறுக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கலாம் என்று அவர்கள் எழுதினர். இச்சிறு தீவு உலகில் தவளை வளம் மிகுந்த நிலங்களுள் ஒன்றாக ஒரே நாளிற் பெயர்பெற்றது.

இருக்கலாம் என்பது வேறு. இன்னது என்று பெயரிட்டு நிறுவுவது வேறு. புதிய இனம் என்று ஒன்றை ஏற்பதற்கு முறை உண்டு. மாதிரியாக ஓர் உடலைத் தெரிந்தெடுத்து, யாரும் சென்று பார்க்கக்கூடிய நூதனசாலையில் வைத்து, அதன் இயல்புகளைச் சொல்லளவிற் குறைவற எழுதி, முன்னர் பெயரிடப்பட்ட ஒவ்வோர் இனத்திலிருந்தும் அது எவ்வாறு வேறுபடுகின்றது என்று காட்டி அச்சிடவேண்டும். எனவே பழைய பெயர்களுக்குரிய பழைய மாதிரிகளைப் பாராமற் புதுப்பெயர் வைக்க இயலாது. ஆராய்ச்சியாளர் ஐரோப்பிய நூதனசாலைகளின் போத்தல்களைத் திறந்து நூறாண்டுக்கு முந்திய உடல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தனர். அவ்வளவுக்கும் பின்னரே 2005இல் பெத்தியாகொடவும் மனமேந்திர ஆரச்சியும் 27 புதிய இனங்களை ஒரே நூலில் வெளியிட்டனர். அதே ஆண்டில் வேறு எட்டு இனங்களும் பெயர்பெற்றன.

அப்பெயர்களுள் ஒன்று என் மனத்தை விட்டகலாதது. 'பொப்புலாரிஸ்', அதாவது எங்கும் உள்ளது, என்னும் பெயர். அது முகிற்காட்டுத் தவளையன்று. தாழ்நிலத்து வீட்டுத் தோட்டங்களிலே சாதாரணமாகக் காணப்படுவது. எத்தனையோ விஞ்ஞானிகளின் சன்னலுக்கு வெளியே இரவுதோறும் கத்திக்கொண்டிருந்த அதற்கு 2005 வரை தனிப்பெயர் இருக்கவில்லை! கண்டியருகே கன்னொறுவைக் காட்டில் வாழும் வேறொன்றுக்கோ, கண்ணருகே கரிய முகமூடிபோன்ற பட்டை இருப்பதால், திரைப்பட வீரனின் பெயரால் 'சொரோ' என்று பெயரிட்டனர். விஞ்ஞானிகளும் சிரிக்கத் தெரிந்தவரே.

இத்துணை இனங்கள் இச்சிறு தீவில் எவ்வாறு தோன்றின? இங்கேதான் நமது வறண்ட நிலம் கதைக்குள் வருகின்றது.

இப்புதர்த்தவளைகளின் மூதாதை ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியப் பக்கத்திலிருந்து வந்ததென்று மரபணு ஆராய்ச்சி காட்டுகின்றது. அக்காலத்தில் இலங்கை இந்தியாவுடன் ஒட்டியிருந்தது. அதன் பின்னரும் கடல் பலமுறை தாழ்ந்து பாலம் தோன்றியதுண்டு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் உலகின் நீர் பெருமளவு பனிக்கட்டியாய் உறைந்திருந்த காலத்திற் கடல்மட்டம் இன்றையதிலும் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையோ ஆழமற்ற கடல். நெடுந்தீவிலிருந்து இராமேசுவரத்துக்கு அன்று தோணி வேண்டியிருக்கவில்லை, கால்நடையாகவே போயிருக்கலாம். யானையும் மானும் அவ்வாறு வந்துபோயின.

அப்படியாயின் மேற்குத்தொடர்ச்சி மலையின் தவளைகளும் நமது மலைகளின் தவளைகளும் ஒன்றாகவே இருக்கவேண்டுமல்லவா? பெல்ஜிய நாட்டுப் பிராங்கி பொசூய்ட்டும் அவருடன் சேர்ந்த இந்திய, இலங்கை ஆராய்ச்சியாளரும் 2004இல் இதனை ஆராய்ந்து, அவை பெரிதும் வேறுபட்ட கூட்டங்கள் என்று காட்டினர். பாலம் இருந்தது, பயணிகள் மட்டும் குறைவு. ஏனென்றால் அந்த மலைக்கும் இந்த மலைக்கும் இடையே கிடந்தது வறண்ட சமவெளி. ஈர மண்ணில் முட்டையிடும் விரலளவு தவளைக்குக் கடலும் ஒன்றே, காய்ந்த தரையும் ஒன்றே. யாழ்ப்பாணமும் வன்னியும் மன்னாரும் சேர்ந்த நமது நிலம்தான் வேலியாக நின்று அம்மலைத்தவளைகளைத் தனித்து வளரவிட்டது. முன்னர் சொன்ன உறவு இதுவே. வேலியைக் கடந்த ஒருசில இல்லாமலில்லை. இலங்கையிலே தோன்றிப் பின்னர் இந்தியாவுக்கு மீண்ட கிளையொன்றின் வழித்தோன்றல்கள் இன்றும் மேற்குத்தொடர்ச்சி மலையில் உள்ளன. தென்கோடி மலைகளில் வாழும் அவற்றுள் ஒன்றுக்கு அங்குள்ள காணி என்னும் பழங்குடியின் பெயரையே 2009இல் இட்டனர்.

இதே நிகழ்ச்சி தீவினுள்ளேயும் சிறிய அளவில் நடந்துள்ளது. மத்திய மலை, நக்கிள்ஸ் மலை, தெற்கே றக்குவானை மலை என மூன்று மலைக்கூட்டங்கள். இடையே தாழ்ந்த, வெப்பமான பள்ளத்தாக்குகள். நக்கிள்ஸ் உச்சியில் வாழும் தவளை மகாவலிப் பள்ளத்தாக்கில் இறங்கி மத்திய மலையில் ஏறுவதில்லை. கடல் சூழ்ந்த தீவில் முகில் சூழ்ந்த தீவுகள் அவை. புங்குடுதீவார் பேச்சுக்கும் நெடுந்தீவார் பேச்சுக்கும் இடையே வேறுபாடு கேட்கப் பழகிய நமக்கு, ஒரு மலையின் தவளைக்குரல் அடுத்த மலையில் மாறியிருப்பது புதுமையாகத் தோன்றாது.

வகைப்படுத்தல் எப்பொழுதும் கூட்டற் கணக்காக முடிவதில்லை என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்லவேண்டும். மலையருவிகளின் ஓரத்தில் வாழும் தேரை ஒன்றுக்குக் குந்தர் 1872இல் கண்டியின் பெயரால் 'கண்டியானஸ்' என்று பெயரிட்டார். அதன்பின் அதனைக் கண்டவர் இல்லை. 2004இல் அழிந்த இனமென்று உலகப் பட்டியலில் எழுதிவிட்டனர். மென்டிஸ் விக்கிரமசிங்கவும் அவர் குழுவினரும் சிவனொளிபாதமலை வனத்து அருவியொன்றில் அதனை உயிருடன் கண்டு 2012இல் அறிவித்தபோது பலரும் மகிழ்ந்தனர். பின்னர் மரபணுவைப் பார்த்தால், 1998இல் வேறொரு புதிய பெயரிட்டு எழுதப்பட்ட தேரையும் இதுவும் ஒன்றே என்று 2015இல் தெரியவந்தது! அழிந்தது என்று துக்கங்காத்த காலத்திலே, வேறு பெயருடன் அது அருவியில் இருந்துகொண்டேயிருந்தது. இரண்டு பெயர்களுள் முந்தியதே நிற்கும் என்பது விதி. ஆகவே பிந்திய பெயர் நீங்கியது. இத்தகைய திருத்தத்தைத் தோல்வியென்று கருதுவோர் விஞ்ஞானத்தின் இயல்பை அறியாதவர்.

எல்லாத் தவளைகளும் இவ்வாறு திரும்பி வந்தனவல்ல. ஐரோப்பியப் போத்தல்களைத் திறந்து பார்த்தவர்கள் அவற்றுட் பல உடல்களுக்கு ஒப்பான உயிரை மலையில் எங்கும் காணவில்லை. நூறாண்டுக்கு மேலாகக் காணப்படாத 17 இனங்களை அழிந்தவை என்று அவர்கள் எழுதவேண்டியதாயிற்று. காரணந் தேட அதிகதூரம் போகவேண்டியதில்லை. அம்மாதிரிகள் சேர்க்கப்பட்ட காலமே மலைக்காடுகள் கோப்பித் தோட்டங்களாகிய காலம். 1869இல் கோப்பியிலே நோய் விழுந்தபின் அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. ஈரவலயத்தின் ஆதிக்காட்டிலே இன்று எஞ்சியிருப்பது இருபதில் ஒரு பங்களவே. கோடரி பிடித்த கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகளே. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக, தவளை கடக்கமுடியாத அதே வறண்ட நிலத்தைக் கால்நடையாகக் கடந்து, வழியிலே பலரைப் புதைத்துவிட்டு மலையேறியவர்கள் அவர்கள். காட்டை அழித்தவர் என்ற பழியை அவர்கள்மேற் போடுவது நியாயமாகாது. காட்டை விற்றவரும் வாங்கியவரும் வேறு.

போத்தல்களிற் கண்ட ஒரு தவளையைப்பற்றி மாத்திரம் சற்று விரித்துச் சொல்கிறேன். 1876இல் குந்தர் இலங்கை மரத்தவளைகளின் இனப்பெருக்கத்தைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தன் முட்டைகளை வயிற்றின் அடிப்புறத்தில் ஒட்டியபடி சுமந்த ஒரு பெண்தவளையை அதிலே விவரித்தார். மண்ணிலுமன்று, இலையிலுமன்று, தாயின் உடலிலேயே முட்டை! அவர் அதனை அன்று தாம் அறிந்த வேறோர் இனத்தைச் சேர்ந்ததாகவே கொண்டார். நூற்றுமுப்பது ஆண்டுகள் கழிந்தபின் மீகஸ்கும்புரவும் துணைவரும் அதே உடலை மறுபடியும் எடுத்து அளந்தபோது அது தனியினம் என்று கண்டனர். 2007இல் அதற்கு 'மையா' என்று பெயரிட்டனர். பெயரிட்ட கட்டுரையிலேயே அது அழிந்துவிட்டதென்றும் எழுதினர். புள்ளிகளையுடைய 'பார்டஸ்' என்னும் மற்றோர் இனத்துக்கும் அக்கட்டுரையில் அவ்வாறே நேர்ந்தது. பிறந்தநாளும் இறந்தநாளும் ஒரே ஏட்டில் எழுதப்பட்ட சாதகங்கள் அவை. முட்டையை உடலில் ஒட்டிச் சுமக்கும் வழக்கம் இந்தக் கூட்டத்தில் உயிரோடுள்ள வேறெந்த இனத்திலும் காணப்படவில்லை. மையாவின் குரலைக் கேட்டவர் எவராயினும் அதனை எழுதிவைக்கவில்லை. ஒலிப்பதிவுக் கருவி மலைக்கு வருவதற்கு முன்னமே அது போய்விட்டது.

ஆயினும் அழிந்தது என்ற சொல்லை ஆராய்ச்சியாளர் இன்று சற்றுத் தயங்கியே எழுதுகின்றனர். கெலாட் மருத்துவர் 1853இல் விண்மீன் பொறித்தது என்னும் பொருள்பட 'ஸ்டெலாட்டஸ்' என்று பெயரிட்ட தவளையின் மாதிரி உடலும் காணாமற் போயிருந்தது. பெயரும் சில வரி விவரணமுமே எஞ்சின. விக்கிரமசிங்கவின் குழுவினர் சிவனொளிபாதமலையின் ஈர வனத்தில் அவ்வரிகளுக்குப் பொருந்திய தவளையொன்றைக் கண்டு 2013இல் வெளியிட்டனர். 160 ஆண்டுகளின் பின்னர் அது மறுபடியும் பட்டியலின் உயிருள்ள பக்கத்துக்கு வந்தது. அதே வனத்திலிருந்து எட்டுப் புதிய இனங்களையும் அவர்கள் அந்த ஆண்டிற் பெயரிட்டனர். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான யாத்திரிகர் விளக்கொளியில் ஏறியிறங்கும் மலையைச் சூழ்ந்த காடு அது. படிகளிலிருந்து சற்று விலகி மின்சூளை அணைத்து நின்றால் கேட்கக்கூடிய குரல்களுள், இன்னும் பெயர் பெறாதது ஒன்றேனும் இருக்குமென்று அங்கே இரவைக் கழித்தவர்கள் நம்புகின்றனர். தென்மேல் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் அவர்கள் மறுபடியும் மலையேறுவார்கள்.